நனைந்த ஓலை

நவம்பர் 17

அப்பாவின் காலைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறேன். பெருவிரலுக்குக் கீழே புண். சர்க்கரை. ஆராய்ச்சியை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். தள்ளிவைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

காலையில் சலோமி அக்கா வந்து புண்ணைக் கழுவி மருந்து வைக்கிறாள். கிராம நர்ஸ். கிழக்குத் தெரு. பின்வாசல் வழியாகத்தான் வருவாள். அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். முடிந்ததும் பின்சுவர் மேல் கவிழ்த்திருக்கும் தனி டம்ளரில் அம்மா காப்பி ஊற்றுவாள். நான் பிறந்ததிலிருந்து அந்த டம்ளர் அங்கேதான் இருக்கிறது. இன்றுதான் பார்த்தவனைப்போல எழுதுகிறேன்.

நவம்பர் 20

கிழக்குத் தெருப் பால்வாடியில் போலியோ சொட்டு மருந்து. சும்மாதானே இருக்கீங்க, வாங்க தம்பி என்று சலோமி அக்கா கூப்பிட்டாள். போனேன். அந்தத் தெருவில் ஓலை வேயாத கட்டடம் அது ஒன்றுதான். சிமெண்டுக் கூரை, இரண்டு சின்ன ஜன்னல், ஒரு இரும்புக் கதவு. அவள் மகள் பியூலா எட்டாம் வகுப்பு. குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைத்தாள். என் விரலிலும் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் கதவைச் சாத்தப் போனேன். வெளித்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. சலோமி அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது கட்டைவிரலைக் கடிக்கும் தம்பி. எங்க தெருவுல அதுகிட்ட கடி வாங்காத ஆளு கிடையாது."

அவளே பக்குவமாக இழுத்துப் போட்டாள்.

நவம்பர் 22

டவுன் பஸ் ஸ்டாண்டில் அடிதடி. உலகநாதன் சித்தப்பா மகன் சேதுவுக்கு மண்டை உடைந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அடித்தது கிழக்குத் தெருப் பையன்கள்.

எதற்கு என்று டீக்கடையில் மூன்று விதமாகச் சொன்னார்கள். பஸ்ஸில் இடம் போட்ட துண்டை எடுத்தது. சேது முதலில் கைநீட்டியது. நம் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பார்த்து அவர்கள் பாடியது. சாயங்காலத்துக்குள் மூன்றாவது மட்டும் மிஞ்சியது. எந்தப் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 23

சலோமி அக்கா வந்தாள். அம்மா காப்பியில் சீனி போட மறந்துவிட்டாள்.

நவம்பர் 25

கோயிலில் ஊர்க்கூட்டம். அப்பாவால் நடக்க முடியாது. வீட்டுக்கு ஓர் ஆள் என்பதால் நான் போனேன்.

கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவது பற்றிப் பேச்சு. கோயில் முன்னால் பனைமரத்தை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையைச் சார்த்திக் கொளுத்துவார்கள். வீட்டுக்கு ஒரு கட்டு ஓலை. அந்த வீட்டு ஆம்பளை தன் கையாலேயே கொண்டுவந்து சார்த்த வேண்டும். கூலிக்கு ஆள் விடக்கூடாது. கட்டு வராத வீடு ஊரில் சேர்த்தி இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

இந்த வருஷம் வீட்டுக்கு இரண்டு கட்டு என்றார் உலகநாதன் சித்தப்பா. ஒன்று சாமிக்கு. இன்னொன்று வீட்டில் இருக்கட்டும், சொல்லும்போது கொண்டுவந்தால் போதும். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. குரலும் உயர்த்தவில்லை. மைக் வாடகை பற்றிப் பேசிய அதே குரல்.

ரேஷன் கடையில் எடை போடும் பால்வண்ணம் மட்டும் எழுந்தார். "இதெல்லாம் சரியா வருமா அண்ணாச்சி?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் வாயும் சிரித்துக்கொண்டிருந்ததைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன்.

எம்.ஏ. முதல் வருஷம் வகுப்பில் பேராசிரியர் ஒரு பரிசோதனை செய்தார். பலகையில் மூன்று கோடுகள். எது நீளம்? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குட்டைக் கோட்டைச் சொன்னார்கள். அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. என் முறை வந்தபோது நானும் குட்டைக் கோட்டையே சொன்னேன். கண்ணுக்கு எதிரே நீளக் கோடு நின்றுகொண்டிருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. தேர்வில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

நவம்பர் 27

கொம்பையாவுடன் ஓலை வெட்டப் போனேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் மரத்தில் ஏறி வெட்டிப் போட, நான் பொறுக்கிக் கட்டினேன்.

"என்ன மாப்ளே, படிச்ச கட்டு பாதியிலேயே அவிழுது" என்று மேலேயிருந்து கேலி செய்தான்.

இறங்கி வந்து பீடி பற்றவைத்துக்கொண்டான். ரெண்டாவது கட்டு எதுக்குடே என்று கேட்டேன். குச்சியை அணைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினான். ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கொண்டு வாராங்கல்லா."

நவம்பர் 29

பால்வண்ணம் வீட்டு முன்னால் பால்காரர் மணி அடிக்காமல் போகிறார். குழாயடியில் அவர் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடங்களை எடுத்துக்கொள்கிறார்களாம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மா இதைச் சொல்லும்போது தன் குடத்தையும் எடுத்தாளா என்பதைச் சொல்லவில்லை.

"உங்க அப்பா மாத்திரைக்கு நாளைக்கு டவுனுக்குப் போகணும்னா யாரு வண்டி கொடுப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

பகலிலேயே கதவைச் சாத்திவைக்கிறோம்.

டிசம்பர் 1

ஆஸ்பத்திரியில் சேது பேசுகிறான் என்றார்கள். பேச்சு இல்லை என்றார்கள்.

டிசம்பர் 2

சலோமி அக்கா புண்ணைக் கழுவும்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையை விட்டு வரவில்லை. நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அவள் சேலையில் சிந்திவிட்டேன். பின்வாசல் வரை கூடப் போனேன்.

"அக்கா, கார்த்திகை அன்னைக்கு எங்கயாவது போயிருங்க."

"தெருவே எங்க தம்பி போகும்? ஆடு கோழி கிடக்கு. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கோம். ரெண்டு போலீஸ் வருவாங்களாம்."

"அப்ப ஓலை வீட்ல இருக்காதீங்க. எல்லாரும் பால்வாடிக்குள்ள போயிருங்க. சிமெண்டு. தீப் பிடிக்காது."

மருந்துப் புட்டியை மூடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவள் முகத்தில் பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எத்தனையோ நாளாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

"உங்க வீட்லயும் ரெண்டு கட்டுதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். காப்பி குடிக்கவில்லை. டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது.

சொல்லிவிட்டேன். நான் சொல்லிவிட்டேன். தூக்கம் வந்தது.

டிசம்பர் 5

போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பால்வண்ணம் ஆவோம். அப்பாவின் கால். அம்மாவின் குடம். போனால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிடுகிறது.

பிறகு வழி தோன்றியது. எளிமையானது. இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

மத்தியானம் ஊர் உறங்கும் நேரம் இரண்டாவது கட்டை ஊருணிக்குத் தூக்கிப் போனேன். தண்ணீரில் அமுக்கி அதன் மேல் ஏறி நின்றேன். குமிழி வந்தது. நிற்கும்வரை நின்றேன். கொண்டுவந்து தொழுவத்தில் போட்டு, ஈரச் சாக்கால் மூடிவிட்டேன். நாளைக்குக்கூடக் காயாது.

என் கையிலும் கட்டு இருக்கும். என் கட்டு எரியாது. யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது ஊருணிப் பாதையில் மண் ஈரமாகக் கிடந்தது. என் கட்டிலிருந்து சொட்டியதல்ல, நான் வராத பக்கமும் ஈரம். கொம்பையா வீட்டுச் சந்துக்குள் ஒரு கோடு போனது. இன்னொன்று மேற்கே. இன்னும் சில அங்கங்கே. மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது. மாடு குளிப்பாட்டியிருப்பார்கள்.

டிசம்பர் 6

இன்று கார்த்திகை. மத்தியானம் சேது செத்துப்போனான் என்று செய்தி. கோயில் மைக்கில் சொல்லவில்லை. வீடு வீடாக வந்து காதில் சொன்னார்கள். அம்மா அழுதாள். சித்தி அழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது.

பந்தோபஸ்துக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் சித்தப்பா வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை. காப்பி குடிக்கிறார்கள்.

அம்மா என் சட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். பழைய சட்டை. கறை பட்டாலும் பரவாயில்லை என்பதுபோல.

இருட்டப் போகிறது. மைக்கில் கூப்பிடுகிறார்கள்.

டிசம்பர் 7

வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. எப்படி என்று அம்மா கேட்டாள். கட்டுக் கயிறு இறுக்கியிருக்கும் என்றேன்.

டிசம்பர் 8

எழுதிவிடலாம். எழுதினால் சிறிதாகிவிடும் என்று நம்பித்தானே இத்தனை நாள் எழுதுகிறேன்.

சொக்கப்பனை எரிந்து அடங்கியது. கரியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டோம். சித்தப்பா தன் இரண்டாவது கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக் கிழக்கே நடந்தார். பக்கத்தில் நின்றவர் நடந்தார். எனக்கு முன்னால் கொம்பையா. எனக்குப் பின்னால் யாரோ. அவர் கட்டு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. நிற்பதற்கு இடமே இல்லாத நடை.

எல்லா முகங்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் உறுதியாக இருந்தது. என்னைத் தவிர எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

என் கட்டு நனைந்தது, நனைந்தது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு காலுக்கு நன்றாக உதவியது.

கிழக்குத் தெரு காலியாக இருந்தது. கூரைகளில் தீ வைத்தார்கள். ஓடிட்டாங்க என்று யாரோ சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதி. நிறையப் பேருக்கு நிம்மதி என்று நினைக்கிறேன். திரும்பக்கூடத் தொடங்கினோம்.

அப்போது பால்வாடிக்குள் ஒரு குழந்தை இருமியது.

யாரோ ஒரு பெயரைச் சொல்லி, கதவு என்றார்கள். கதவு வெளியே தாழிடப்பட்டது.

ஜன்னல்களிலும் கதவடியிலும் கட்டுகளை வைத்தார்கள். நானும் வைத்தேன். வைக்க மட்டும் செய்தேன். மண்ணெண்ணெய் ஊற்றியது நான் இல்லை. முதலில் சடசடவென்று ஒரு தீ. பிறகு தீ இல்லை, புகை. வெள்ளையாக, கனமாக, தரையோடு ஊர்ந்தது. ஜன்னலுக்குள் போனது. எரியவே மாட்டேங்குதே என்று சித்தப்பா வைதார்.

எரியவில்லை, எரியவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும்.

உள்ளே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றது. பயம் தெளிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9

சேது வந்துவிட்டான். தலையில் துணி சுற்றியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். ஏன் கடையெல்லாம் அடைத்திருக்கிறது என்று டீக்கடை வாசலில் நின்று கேட்டானாம். வீட்டுக்குப் போய்ப் பசிக்கிறது என்றானாம்.

டிசம்பர் 10

அம்மா அடுப்பில் ஈர விறகை வைத்துவிட்டாள். அடுக்களை முழுக்கப் புகை. நான் வெளியே ஓடிவந்து தொழுவத்தில் வாந்தி எடுத்தேன்.

டிசம்பர் 11

பேப்பரில் வந்திருக்கிறது. பதினொரு பேர். உடல்களில் தீக்காயம் இல்லை என்று போட்டிருக்கிறது.

தீக்காயம் இல்லை. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை.

பெயர்கள் போட்ட பத்தியை மடித்துவிட்டேன்.

டிசம்பர் 13

ஸ்டேஷனுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் நிற்கவைத்தார்கள். நான் கடைசிக்கு முந்தியவன். வராந்தா பெஞ்சில் சலோமி அக்கா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்கு மேல் அவள் மடத்தூரில் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். விடிந்து வந்து பார்த்திருக்கிறாள். பேப்பரில் நான் மடித்த பத்தியில் பியூலா இருந்திருக்கிறாள்.

எஸ்.ஐ. வயதானவர். கிராமத்து ஆள்போல இருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. உன் வீட்டு ரெண்டாவது கட்டு எங்கே?

முதலில் நின்ற பெரியவர் நாங்கள் கோயிலில்தான் போட்டோம், யார் எடுத்தார்களோ தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படியும் எங்க கட்டு எரியாதுங்கய்யா. நான் ஊருணியில முக்கித்தான் வச்சிருந்தேன்" என்றார்.

அடுத்தவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடையதும் நனைந்ததுதான் என்றார். அடுத்தவரும். அதற்கு அடுத்தவரும். கொம்பையா, நானும் ஊருணியிலதான் முக்கினேன் சார் என்றான். ஒருவர் சொன்னதை அடுத்தவர் பிடித்துக்கொள்கிறார் என்று எஸ்.ஐ. நினைத்திருப்பார். எனக்குத் தெரியும். ஊருணிப் பாதையை நான் பார்த்தேன். ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஈரக்கோடு போயிற்று.

சித்தப்பாவின் கட்டும் இன்னும் இரண்டு மூன்றும் தவிர, ஒன்றுகூடக் காய்ந்ததில்லை. ஊரில் யாருக்குமே விருப்பமில்லை. அந்த முகங்கள் எல்லாம் என் முகம்தான்.

எஸ்.ஐ. பேனாவை மூடிவைத்தார்.

"எல்லாரும் நனைச்சீங்களாக்கும்." எழுதிய தாளைப் புரட்டினார். "காஞ்ச ஓலைன்னா குப்புனு எரிஞ்சு உடனே அடங்கிருக்கும்லய்யா. சிமெண்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அந்தச் சனம் வெந்து வேர்த்து வெளிய வந்திருக்கும். ஒருத்தனுக்காவது இது தெரியாதா? வருஷா வருஷம் கொளுத்துதீங்க."

எங்கள் எல்லோருக்கும் தெரியும். மழை வருஷத்துச் சொக்கப்பனைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடாத ஆள் ஊரில் இல்லை.

என் முறை வந்தது. சலோமி அக்கா எழுந்து வந்தாள்.

"சார், இந்தத் தம்பிகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். இந்த ஊர்ல முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னது இவரு ஒருத்தர்தான். நான்தான் தெருவுல மிச்சம் இருந்த சனத்தைப் பூரா அங்க கூட்டிட்டுப் போயி வச்சேன்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகம் இளகியது. போ என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்பது காதுக்குள் இரைந்தது. வேப்பமரத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன். விழப் போகிறேன் என்று நினைத்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கை. பிடித்ததும் தன்னால் நாடியைத் தேடுகிற கை. பிறகு அது நின்றது. என் கட்டைவிரலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். நகம் அடிவரை கறுத்து, ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு பிளவு. மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். வலித்தது.

"தாழ்ப்பாளா தம்பி?"

சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். கயிறு என்று சொல்லலாம். வீட்டில் அப்படித்தான் சொன்னேன். வாயைத் திறந்தேன்.

"என் கட்டு நனைஞ்சதுக்கா" என்றேன்.

முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சொன்னதையே சொன்னேன். அது உண்மையாகவும் இருந்தது.

அவள் என் கையை விடவில்லை. கீழே வைத்தாள். ஆறாத புண்ணுள்ள காலை மடியிலிருந்து இறக்கி வைப்பதுபோல. பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் சொன்னதுல ஒண்ணை மாத்தி எழுதணும்."

நான் நடந்து வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 14

அப்பாவின் புண்ணை நானே கழுவினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புண்ணில் வாடை வந்துவிட்டது. பின்சுவரில் டம்ளர் இல்லை. அம்மா எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் கோயில் மைக். ஜீப் வருகிறதாம். ஊர் எல்லையில் மறிக்க வேண்டுமாம். நம்ம பிள்ளை ஒருத்தனைக் கொண்டுபோக விடக்கூடாது, வீட்டுக்கு ஓர் ஆள் உடனே வரவும் என்கிறார் சித்தப்பா. அதே குரல். யார் அந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை.

தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். கொம்பையா வாசலில் நின்று, வா மாப்ளே, உனக்காகத்தாம்ல என்கிறான். அம்மா சட்டையை எடுத்து வந்து கட்டிலில் வைத்திருக்கிறாள். அதே சட்டை. துவைத்திருக்கிறாள். புகை வாடை போகவில்லை.

நான் போகாவிட்டாலும் அவர்கள் எல்லோரும் போவார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக.

கொம்பையா மறுபடி கூப்பிடுகிறான். கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டுவிட்டேன். இந்த வீட்டிலிருந்து இன்று ஆள் இல்லை.

ஜீப் வரும்வரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கட்டைவிரல் பேனாவைப் பிடிக்க விடமாட்டேன் என்கிறது.